அளவுப் புத்தகத்தில் நாலாவது எண்

அந்தத் தையல்காரரைத் தெருவில் யாரும் தையல்காரர் என்று கூப்பிடுவதில்லை. அங்குலம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர் தபால்காரர். நேற்று மழை எப்படி என்று கேட்டால், "வாசல்ல முக்கால் இஞ்ச் நின்னுச்சு" என்று பதில் சொல்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

வீட்டின் முன்னறைதான் கடை. வெட்டுகிற மேசை, ஒரு மோட்டார் தையல் மெஷின், மூலை உடைந்த ஆளுயரக் கண்ணாடி, ஆணியில் தொங்கும் பழுப்புத் தாள் வெட்டுகள். எல்லாவற்றுக்கும் மேல் அலமாரியில் நீள அட்டை போட்ட அளவுப் புத்தகம். அதை அவர் யார் கையிலும் கொடுக்க மாட்டார்.

காரணம் இருந்தது. அளவெடுக்க வருகிறவரின் உடம்பில் உள்ள குறையை அங்குலம் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தபால்காரருக்குப் பை தூக்கித் தூக்கி இடது தோள் ஒரு இஞ்ச் இறங்கிப் போயிருந்தது. புத்தகத்தில் அவருக்கான பக்கத்தில் அங்குலம் ஒரு புள்ளி மட்டும் வைத்தார். சட்டைக்குள் இரண்டு மடிப்புத் துணி வைத்துத் தைத்தார். தபால்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஆஹா, நீங்க தெச்சாத்தான்யா நான் ஆளாத் தெரியறேன்!" என்று பூரித்துப் போனார். தோள் இறங்கியது அவருக்கு இன்றுவரை தெரியாது. தொந்திக்குக் குறுக்குக் கோடு, கூனுக்குச் சின்ன வட்டம் என்று இப்படி நிறைய குறிகள். அவற்றின் அர்த்தம் அங்குலத்தோடு சரி.

அந்தப் புத்தகத்தில் அவர் மகளுக்கும் ஒரு பக்கம் உண்டு. பிறந்தபோது கைக்கடக்கமாக இருந்ததால் அவளுக்கு வீட்டில் பொடிசு என்று பேர். இப்போது பதிமூன்று நடக்கிறது, அம்மாவைத் தாண்டி வளர்ந்துவிட்டாள், பேர் மட்டும் வளரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கூடச் சீருடைக்கு அளவெடுப்பார். உயரம், இடுப்பு, உள்கால் நீளம். அதற்கப்புறம் தலைப்பில்லாமல் நாலாவதாக ஓர் எண். முழங்கால் இரண்டும் ஒட்டியிருக்கும்படி நிற்க வைத்தால், கணுக்கால் இரண்டுக்கும் நடுவே விழுகிற இடைவெளி அது.

எட்டு வயதில் இரண்டு இஞ்ச். இப்போது நாலரை.

இது அவர் மனைவிக்குத் தெரியாது. கேட்டால் நம்பமாட்டீர்கள், பெற்ற தாய்க்குத் தெரியாமலா என்பீர்கள். அவள் பேக்கரியில் மாவு பிசைகிறவள். விடியுமுன் கிளம்பினால் மத்தியானம் வந்து விழுவாள். பிள்ளையை எழுப்பி, முட்டை அவித்து, ரொட்டி வாட்டிக் கொடுத்து, சட்டை மாட்டி அனுப்புவது எல்லாம் அப்பாதான். வீட்டில் போடுகிற பாவாடையும் அவர் தைத்ததுதான், தரை தொடும் நீளம். பள்ளிக்கூட பேண்ட்டில்தான் அவர் முழு வித்தையும் இருந்தது. உள்தையலை அரை இஞ்ச் முன்னால் தள்ளி, முழங்காலில் தளர்த்தி, கீழே கனமான மடிப்பு வைத்துவிடுவார். இஸ்திரி போட்ட மடிப்பு இடுப்பிலிருந்து பாதம்வரை நூல் பிடித்த மாதிரி நேராக விழும். உள்ளே கால் எப்படிப் போனாலும் வெளியே நேர்தான். பொடிசு தெருவில் நடந்து போகும்போது அவர் அந்த மடிப்பை மட்டும் பார்ப்பார், பார்த்துவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிடுவார்.

அவ்வளவு வித்தையையும் ஒரு மழை அவிழ்த்துப் போட்டுவிட்டது.

அன்று காலையிலிருந்தே கொட்டோ கொட்டென்று கொட்டியது. பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். அவர் மனைவி வேலை முடிந்து, மாவு காய்ந்த கையோடு பேக்கரி வாசலில் ஒதுங்கி நின்றாள். பிள்ளைகள் நனைந்துகொண்டே போனார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு ஈரத்தில் பேண்ட் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முழங்கால் இரண்டும் ஒன்றையொன்று உரசின, பாதங்கள் தள்ளித் தள்ளி விழுந்தன.

"ஐயோ, யார் வீட்டுப் பொண்ணோ பாவம்," என்றாள் பக்கத்தில் நின்றவளிடம். "பெத்தவங்க கண்ணு எங்க போச்சு?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டியது. "அம்மா!"

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மகளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி ஈரப் பேண்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினாள். அங்குலம் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி விரலில் ஏறியது.

"இதென்ன?"

"எது?"

"எதுவா? கண்ணு தெரியலயா உங்களுக்கு? அஞ்சு வயசுல நர்சம்மா சொன்னாங்களே, இது வளர வளர சரியாயிடும்னு. நீங்களும் சரியாயிடுச்சுன்னுதான சொன்னீங்க?"

"சரியாயிடுச்சுன்னுதான் நெனச்சேன்." அவர் நூலை வாயால் கடித்தார். "நான் கவனிக்கல. வேலை தலைக்கு மேல இருக்கு."

ஊரில் உள்ள எல்லார் உடம்பையும் அரை இஞ்ச் விடாமல் கவனிக்கிற மனிதர் சொன்ன பேச்சு இது. மனைவி நம்பிவிட்டாள். கவனிக்காமல் போனது தானும்தானே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா இருந்தார். அந்தப் பாவம்தான் பிற்பாடு அவரை அதிகம் தின்றது.

நர்சம்மா அன்றைக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஏழெட்டு வயதுக்குள் சரியாகவில்லை என்றால் கூட்டி வாருங்கள் என்று. அது அவர் காதில் விழாமல் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி என்றாலே அவருக்கு அக்கா ஞாபகம் வரும். அக்காவுக்கும் இதே கால்தான். எலும்பை வெட்டி, இடுப்பிலிருந்து பாதம்வரை கட்டுப்போட்டு, ஐந்து மாதம் கிடத்தினார்கள். எழுந்தபோது ஒரு கால் குட்டை. அப்போது அவருக்கு ஒன்பது வயது, படுக்கையருகே இருந்து ஈ விரட்டியவர் அவர். தன் மகளைக் கொண்டுபோய் அப்படிக் கிடத்த அவருக்கு மனம் வரவில்லை. கத்திரி கையில் இருந்தது, துணியை வெட்டிக்கொண்டார்.

அந்த வாரமே மனைவி இருவரையும் கூட்டிப்போன எலும்பு டாக்டரம்மா சின்ன உருவம், பெரிய குரல். பொடிசைப் போகச் சொல்லி வரச் சொல்லிப் பார்த்தார். கால் முழுக்கப் படம் எடுத்தார்கள், இடது கையையும் படம் எடுத்தார்கள்.

"வலிக்குதாம்மா?"

பொடிசு அப்பாவைப் பார்த்தாள். "இல்ல."

டாக்டரம்மா முழங்காலின் வெளிப்பக்கத்தை விரலால் அழுத்தினார். பிள்ளை "ஸ்ஸ்" என்று காலை இழுத்துக்கொண்டது.

"எத்தனை நாளா?"

"போன வருஷத்துலேர்ந்து. மாடிப்படி ஏறும்போது."

"ஏன்டி சொல்லல?" என்றாள் அம்மா.

"வெளியதான் தெரியலயே," என்றாள் பொடிசு. "அதான் சொல்ல வேண்டாம்னு நெனச்சேன்."

அங்குலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது யாருடைய பேச்சு என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு புதுப் பேண்ட்டுக்கும் கண்ணாடி முன்னால் மகளை நிறுத்தி, 'பாத்தியா, ஒண்ணும் தெரியல' என்று அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"பயப்படாதீங்க," என்றார் டாக்டரம்மா. "எலும்பை வெட்ட வேண்டியதில்ல. முழங்கால்கிட்ட எலும்பு வளர்ற இடம் ஒண்ணு இருக்கு. உள்பக்கத்துல சின்னத் தகடு ஒண்ணை ரெண்டு ஸ்க்ரூ போட்டு வெச்சுட்டா, அந்தப் பக்கம் வளர்றது நிக்கும். வெளிப்பக்கம் அதும்பாட்டுக்கு வளரும். கால் தன்னால நேருக்கு வந்துடும்."

"ஒரு பக்கம் தையலைப் பிடிச்சுட்டு மறுபக்கத்தை விட்டா துணி திரும்புமே, அந்த மாதிரி," என்றார் அங்குலம், தன்னையும் அறியாமல்.

"அதேதான்! நல்லா சொன்னீங்க. மறுநாளே நடக்கலாம், கட்டு கிட்டு கிடையாது."

ஐந்து வருஷமாக அங்குலம் பயந்து ஒளிந்தது இதற்கா? ஒரு சின்னத் தகட்டுக்கா?

"ஆனா ஒரு விஷயம். வளர்ச்சி மிச்சம் இருந்தாத்தான் இது பலிக்கும். வயசுக்கு வந்து எத்தனை மாசம் ஆச்சு?"

"ஏழு," என்றாள் அம்மா.

"கைப் படத்துல பாத்தா ஒரு வருஷம், ஒன்னேகால் வருஷம் இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியல. ரெண்டு வருஷத்து உயரம் எங்கயாவது எழுதியிருந்தா, எந்த வேகத்துல வளர்றான்னு தெரியும். வளர்ச்சி முடிஞ்சுபோன காலுக்குத் தகடு வெச்சு என்ன புண்ணியம்? அப்புறம் எலும்பை வெட்டறதுதான் வழி. பள்ளிக்கூடத்துல கேட்டுப் பாருங்க. இல்லேன்னா மூணு மாசம் பொறுத்து இன்னொரு படம் எடுத்துப் பாப்போம்."

பள்ளிக்கூடத்தில் எடை மட்டும்தான் எழுதி வைத்திருந்தார்கள். அம்மா அங்கே போய் மணிக்கணக்கில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தாள். "மூணு மாசம் காத்திருக்கணுமாம். அதுக்குள்ள வளர்ச்சி நின்னுட்டா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அங்குலம் மேல் அலமாரியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

மறுநாள் அவள் பேக்கரிக்குப் போனபிறகு புத்தகத்தை இறக்கினார். வெட்டித் தள்ளிய பழுப்புத் தாளில் ஒரு துண்டை எடுத்து, தேதி, உயரம், உள்கால் நீளம் மூன்றையும் அழகாக எழுதினார். நாலாவது எண் வரும் இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. எழுதவில்லை. இது போதும், டாக்டர் கேட்டது இதைத்தானே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். ஆனாலும் மத்தியானம் அவள் வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது புத்தகத்தையும் துணிப்பையில் போட்டுக்கொண்டார். ஏன் போட்டோம் என்று அவருக்கே புரியவில்லை.

டாக்டரம்மா தாளைப் பார்த்து முகம் மலர்ந்தார். "அட, சீருடை அளவா! எனக்கு இது தோணவே இல்ல பாருங்க."

மனைவி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். "இது இருக்குன்னு நேத்தே சொல்லக் கூடாதா? நான் பள்ளிக்கூடத்துல போய்க் கெஞ்சிட்டு வந்தேனே. ஆனாலும் நல்ல வேளை, நீங்க எழுதி வெச்சீங்க." அந்தப் பாராட்டு அவருக்கு நெருப்பாகச் சுட்டது.

"இன்னும் வளர்றா, ஆனா வேகம் கொறைஞ்சிருக்கு," என்று டாக்டரம்மா விரலால் கணக்குப் போட்டார். "தகடு வெக்கலாம். தொடை எலும்புல மட்டும் வெச்சுட்டு, பொறுத்துப் பாப்போம். கீழ் எலும்புலயும் சேத்து வெச்சா சீக்கிரம் நேராகும், ஆனா அது தேவையான்னு தெரியல. கால் எவ்வளவு வேகமா வளைஞ்சதுன்னு தெரிஞ்சா முடிவு பண்ணிடலாம். அதைப் போய் யாரு அளந்து வெச்சிருக்கப் போறாங்க, விடுங்க."

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். அங்குலம் மடியிலிருந்த துணிப்பையைப் பார்த்தார். விட்டுவிடலாம். டாக்டரே விடுங்க என்றுதானே சொல்கிறார்? தொடையில் மட்டும் வைத்தாலும் சரியாகலாம். ஆகாமலும் போகலாம். நாற்காலியில் பொடிசு காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் தைத்த பேண்ட்டின் மடிப்பு நேராக விழுந்திருந்தது. சனியன் பிடித்த மடிப்பு.

அவர் பைக்குள் கைவிட்டுப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

டாக்டரம்மா பக்கத்தைப் பார்த்தார். "இந்த நாலாவது எண் என்ன? தலைப்பு இல்லையே."

"கணுக்கால் ரெண்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளிங்க. இஞ்ச்ல."

"எட்டு வயசுலேர்ந்தா?"

"ஆமாங்க."

டாக்டரம்மா தலையைக் குனிந்து எண்களைத் தன் தாளில் எழுத ஆரம்பித்தார். நல்ல மனுஷி, வேறெதுவும் கேட்கவில்லை. "கடைசி ஒரு வருஷத்துல மட்டும் ஒரு இஞ்ச் கூடியிருக்கு," என்றார். "அப்ப ரெண்டு இடத்துலயும் வெச்சுடுவோம். அடுத்த வாரமே."

அவர் மனைவி புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். மாவு படிந்த நகத்தை ஒவ்வொரு தேதிக்கும் கீழே வைத்து வைத்துப் படித்தாள்.

"பத்து வயசு," என்றாள். "ரெண்டரை. அந்த மாசம்தான் நான் கேட்டேன், கால் சரியாயிடுச்சான்னு. நீங்க அப்ப மெஷின்ல உக்காந்திருந்தீங்க. என்ன சொன்னீங்க?"

"சரியாயிடுச்சுன்னு."

"அளந்துட்டுச் சொன்னீங்களா, அளக்காம சொன்னீங்களா?"

"அளந்துட்டுத்தான்."

அவள் புத்தகத்தை மூடினாள். திருப்பிக் கொடுக்கவில்லை, தன் பையில் வைத்துக்கொண்டாள்.

அறுவை சிகிச்சை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பொடிசு ஒரு வாரம் ஊன்றுகோல் வைத்து நடந்தாள், மூன்றாம் வாரம் பள்ளிக்கூடம் போனாள். அக்கா கிடந்த ஐந்து மாதத்தை நினைத்துக்கொண்டு, அங்குலம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

அதற்கப்புறம் வீட்டில் அளவெடுப்பது அம்மாதான். மாதம் ஒரு முறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முழங்காலைச் சேர்த்து நிற்க வைத்து டேப்பைப் பிடிப்பாள். எண்ணை அவளே எழுதுவாள். நாலாவது வரிசைக்கு மேலே கொட்டை எழுத்தில் 'இடைவெளி' என்று தலைப்பும் போட்டுவிட்டாள். அங்குலத்தோடு அவள் சண்டை போடவில்லை. சாப்பாடு வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் அவர் எதைச் சொன்னாலும், பால் வாங்கியாச்சு என்று சொன்னால்கூட, எழுந்துபோய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

நாலரை நாலாயிற்று. மூன்றேகால். இரண்டரை. ஒன்றேமுக்கால். குறையக் குறைய அம்மாவின் முகம் தெளிந்தது. "இப்படியே போனா அடுத்த மழைக்குள்ள ஒட்டிடும்," என்று ஒரு நாள் அவரைப் பார்த்தே சொன்னாள். அன்றைக்கு அவர் இரண்டு ரொட்டி கூடச் சாப்பிட்டார்.

ஒன்றரை. மறு மாதமும் ஒன்றரை. அதற்கு மறு மாதமும்.

"வளர்ச்சி முடிஞ்சுடுச்சு," என்றார் டாக்டரம்மா, புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து. "தகட்டை எடுத்துடலாம். கவலையே படாதீங்க, இது ஒண்ணும் பண்ணாது. ஓடலாம், மாடி ஏறலாம், வலி இருக்காது. பாத்தா கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான்."

"அன்னிக்கு வந்ததுக்கு ஒரு வருஷம் முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டார் அங்குலம். மனைவி அவர் பக்கம் திரும்பினாள். கேட்க வேண்டாம் என்று சொல்வது போலத்தான் இருந்தது.

டாக்டரம்மா பொய் சொல்லத் தெரியாதவர். "இடைவெளி முழுசாப் போயிருக்கும்," என்றார்.

தகடு எடுத்த தழும்பு ஆறியபிறகு, மேல்வகுப்புக்குப் புதுச் சீருடை தைக்க வேண்டி வந்தது. பொடிசு தானே வந்து கண்ணாடி முன்னால் நின்றாள். ஒன்றரை வருஷம் கழித்து அவளை அளக்கிற டேப் மறுபடி அங்குலத்தின் கைக்கு வந்தது. உயரம், இடுப்பு, உள்கால். கணுக்காலுக்குக் குனிந்தபோது அவர் கை நின்றது.

"அளங்கப்பா."

"வேணாம்டா. அம்மா அளந்ததே இருக்கு."

"ஒண்ணு சொல்லட்டா?" என்றாள் பொடிசு. "சின்னதுல நீங்க அங்க டேப்பைப் பிடிக்கும்போது, நான் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள நகத்துவேன். கம்மியாக் காட்டலாம்னு. அந்த நம்பரைப் பாத்தா உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். நீங்க ஒவ்வொரு தடவையும், 'ஆடாம நில்லு'ன்னு காலைப் பிடிச்சுப் பழைய இடத்துலயே வெப்பீங்க."

அவர் முழங்காலிட்டபடியே இருந்தார். டேப் கையிலிருந்து தரைக்குத் தொங்கியது.

"தப்புப் பண்ணிட்டேன்டா."

"தெரியும்," என்றாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பேண்ட்டை நேரா வெட்டுங்க. எல்லாருக்கும் வெட்டற மாதிரி. அந்த அரை இஞ்ச் வேணாம்."

"தெரியுமேடா."

"தெரியட்டும்."

அவர் வெட்டினார். சுண்ணக்கட்டி பழக்கத்தில் இரண்டு முறை முன்னால் நகர்ந்தது, இரண்டு முறையும் அழித்துவிட்டு மறுபடி போட்டார். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு பள்ளிக்கூட பேண்ட்டுக்கு அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

பள்ளி திறந்த அன்று காலை பொடிசு பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அங்குலம் கடை வாசலில் நின்றார். மடிப்பு முழங்காலில் உள்வாங்கி, கீழே லேசாக விலகி விழுந்தது. பார்க்கிற கண்ணுக்குத் தெரியும். தெருமுனைவரை அவள் நடந்ததை அவர் பார்த்தார், மெஷின் பக்கம் திரும்பவில்லை.

எதிரே வந்த தபால்காரரும் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். "ஏங்க அங்குலம், பாப்பாவுக்குக் கால் லேசா வளைஞ்சாப்ல இருக்கே?"

"ஆமா. ஒன்றரை இஞ்ச். அது நான் விட்டது."

தபால்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு தோளில் தட்டினார். "முழங்கால்கிட்ட கொஞ்சம் தளர்வா வெச்சுத் தெச்சா வெளிய தெரியாதேங்க. உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

"வேணாங்க," என்றார் அங்குலம். "அஞ்சு வருஷம் அதைத்தான் தெச்சேன்."